அத்தியாயம் 9: பழுப்பைக் காப்பாற்றுங்கள் – காரை வரைபடத்தை அச்சுக்கு அனுப்புதல்

முந்தைய அத்தியாயங்களில் சொன்னபடி களத்தில் இறங்கி ஏறி, பள்ளம் பள்ளமாக அளந்து, கணினியில் வரைந்தும் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் படம் பளிச்சென்று இருக்கிறது. அச்சகத்தில் கொடுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். மற்ற ஊர்களில் அது ஓரளவு சரி. பெரம்பலூர், அரியலூர் மண்ணை ஓரியண்டீரிங் வரைபடமாக்குகிறவருக்குப் பாதி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

காரணம் இந்த மண்ணேதான். ஆலத்தூர் வட்டத்தில் காரை, கொளக்காநத்தம் பக்கம் போய் நின்றால் மேடும் பள்ளமுமாக வெட்டுண்ட வெறும் நிலம் தெரியும். கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் படிந்த களிமண் அது. மழைநீர் அதை அறுத்து அறுத்து நூற்றுக்கணக்கான அரிப்புப் பள்ளங்களாக்கியிருக்கிறது. மரமில்லை, கட்டடமில்லை, வேலியுமில்லை. ஓடுகிறவர் வழி கண்டுபிடிக்க அந்தப் பள்ளங்களையும் திட்டுகளையும் விட்டால் வேறு அடையாளம் கிடையாது. வரைபட மரபில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிறம்தான்: பழுப்பு. அந்தப் பழுப்புதான் நம் ஊர் நாலு கலர் அச்சில் முதலில் கெட்டுப்போகும் நிறம்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றுதான். அச்சகத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த எந்திரத்தில் பழுப்புக் கோடு எவ்வளவு மெல்லியதாக நிற்கும் என்று பாருங்கள். அதற்கேற்ப அளவையும் குறியீட்டையும் வையுங்கள். வரைந்து முடித்தபின் அச்சகம் தேடினால் பாதிப் படத்தைத் திரும்ப வரைய நேரும்.

நம் நிலத்தில் ஒவ்வொரு நிறமும் செய்யும் வேலை

சர்வதேச ஓரியண்டீரிங் கூட்டமைப்பு 1961இல் தொடங்கப்பட்டது. அதன் வரைபட விதிமுறையில் இப்போது புழக்கத்தில் இருக்கும் பதிப்பை ‘2017-2’ என்பார்கள். அதிலுள்ள நிறங்களை நம் ஊர் நிலத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

பழுப்பு: சம உயரக் கோடு, அரிப்புப் பள்ளம், மண்கரை, சிறு திட்டு, குழி, கரடுமுரடான தரை. விதிமுறைப்படி சம உயர இடைவெளி 5 மீட்டர். உயர வேறுபாடு குறைந்த நிலத்தில் 2.5 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். காரையில் 2.5 வைத்தால்தான் படம் பேசும். அப்படி வைக்கும்போது கோடுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். இந்தியச் சர்வே துறையின் 1:50,000 தாளில் சம உயர இடைவெளி 20 மீட்டர். காரைப் பள்ளங்களில் பெரும்பாலானவை அதில் இரண்டு கோடுகளுக்கு நடுவே மறைந்தே போய்விடும். அதனால்தான் அந்தத் தாளைப் பெரிதாக்கி அடிப்படையாக வைக்க வேண்டாம் என்று 3ஆம் அத்தியாயத்தில் சொன்னோம்.

மஞ்சள்: திறந்த வெளி. முழு மஞ்சள் என்றால் சீரான திறந்த வெளி. பாதி மஞ்சள் என்றால் புல்லும் சிறு செடியுமாகக் கிடக்கும் கரட்டு வெளி. காரையில் பெரும்பகுதி பாதி மஞ்சள். சோளமும் பருத்தியும் போட்ட வயலுக்கு மஞ்சளின் மேல் கருப்புப் புள்ளிகள். பயிர் நிற்கும் மாதங்களில் அதே வயல் தடைப் பகுதி.

பச்சை: ஓட்டத்தைத் தடுக்கும் செடிகொடி. 20 விழுக்காடு பச்சை என்றால் ஓட்டம் மெதுவாகும். 50 என்றால் நடக்கத்தான் முடியும். முழுப் பச்சை என்றால் புகுந்து போவதே பாடு. சீமைக் கருவேலம் அடைத்த ஓடைக்கரை எல்லாம் முழுப் பச்சை.

நீலம்: ஏரி, குட்டை, வாய்க்கால். கோடையில் வற்றும் ஏரியை எந்த மாதத்து நிலையில் காட்டுவது என்பதைப் போட்டி நடக்கும் மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

கருப்பு: பாறை, பாதை, கட்டடம், மின்கம்பி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் செங்குத்து விளிம்புகளும் இதில் வரும்.

ஊதா: போட்டியின் ஓட்டப் பாதை, ஓடுகிறவர் போய்ச் சேர வேண்டிய கண்ட்ரோல்களின் வட்டங்கள், தடைப் பகுதிகள்.

புவியியல் மாணவர்களை அழைத்து வரும் கல்லூரி ஆசிரியர்கள் அடிக்கடி ஒன்று கேட்பார்கள். பாறை அடுக்குகளையும் இதே படத்தில் வண்ணமாகப் போட்டுவிடலாமா என்று. 1862இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதன்பின் வந்த புவியியல் படங்களில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பின்னணி நிறம் உண்டு. அந்த நிறங்களை ஓட்ட வரைபடத்தின் அடியில் விரித்தால் மஞ்சளும் பச்சையும் பொருள் இழந்துவிடும். வேண்டுமானால் தாளின் பின்பக்கம் தனியாக அச்சிடுங்கள்.

0.14 மில்லிமீட்டரில் இருக்கும் சிக்கல்

1:15,000 அளவில் சாதாரண சம உயரக் கோட்டின் தடிமன் 0.14 மி.மீ. ஐந்தில் ஒன்றாக வரும் தடித்த கோடு 0.25 மி.மீ. இடையில் போடும் துணைக் கோடு 0.10 மி.மீ.தான்.

இனி அச்சகத்துக்குள் வாருங்கள். ஆப்செட் எந்திரத்தில் பழுப்பு மை கிடையாது. சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கைக் கலந்துதான் பழுப்பு. வழக்கமான கலவை: சயான் 0, மெஜந்தா 56, மஞ்சள் 100, கருப்பு 18. இதில் மஞ்சள் மட்டுமே முழுதாக விழுகிறது. மெஜந்தாவும் கருப்பும் புள்ளிகளாக விழுகின்றன. நல்ல அச்சுக்கு வைக்கும் ஸ்க்ரீன் அங்குலத்துக்கு 175 வரி. ஒரு அங்குலம் 25.4 மி.மீ.; அதை 175ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக் கட்டத்தின் அகலம் 0.145 மி.மீ. நம் கோட்டின் அகலமோ 0.14. கோடு முழுதும் ஒரே வரிசைப் புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது.

விளைவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோலம் போடுமுன் வைத்த புள்ளி வரிசை மாதிரி, மெஜந்தாப் புள்ளிகள் விட்டு விட்டு நிற்கும். இடையிடையே மங்கலான கருப்புப் புள்ளி. ஓரத்தைப் பிடித்து நிறுத்துவது மஞ்சள் மட்டும். மஞ்சளோ வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது. இதோடு ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் இடம்) 0.1 மி.மீ. விலகினாலும் போதும், கோடு ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் மறுபக்கம் மஞ்சள் நிழலாகவும் பிரிந்துவிடும். திருமணப் பத்திரிகையில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் காரைப் பள்ளத்தில் நிற்கும் மாணவருக்கு, எட்டு மீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த பள்ளத்தின் கோடு இதோடு ஒட்டிக்கொண்டால் வரைபடமே கையில் இல்லாத மாதிரி.

பழைய முறையில் இந்தச் சிக்கல் இல்லை. 1950இல் நார்வேயில் முதல் வண்ண ஓரியண்டீரிங் வரைபடம் வந்த காலம் தொட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மை, தனிப் பிளேட் என்றே அச்சிட்டார்கள். பழுப்புக்கென்று கலந்த மையை முழுதாக அடித்தால் 0.10 மி.மீ. கோடும் கத்தி வைத்து வெட்டிய மாதிரி நிற்கும். பழுப்புக்குப் பான்டோன் 471, பச்சைக்கு 361, மஞ்சளுக்கு 136 என்று மை எண்களும் அதற்குண்டு. சிவகாசியில் இதை ‘ஸ்பெஷல் கலர்’ என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். செலவு பிளேட்டில்தான் போகும். ஆயிரக்கணக்கில் அடித்தால் கட்டுப்படியாகும். ஒரு பள்ளிப் போட்டிக்கு அறுபது பிரதி என்றால் கட்டாது.

தனி மைக்கு வழியில்லாதவர் செய்ய வேண்டியது

கோட்டைத் தடிமனாக்க நேர்மையான வழி ஒன்று உண்டு: அளவைப் பெரிதாக்குவது. விதிமுறைப்படி 1:10,000 படம் என்பது 1:15,000 படத்தை 150 விழுக்காடு பெரிதாக்கியது. குறியீடுகளும் கூடவே பெருக வேண்டும். 0.14 மி.மீ. கோடு 0.21 ஆகிவிடும். 1:7,500 என்றால் இரு மடங்கு, 0.28. இப்போது ஒரு கோட்டுக்குள் கிட்டத்தட்ட இரண்டு வரிசைப் புள்ளிகள் விழும், ஓரம் நேராகும்.

இடம் போதுமா? 1:10,000இல் ஒரு ஏ4 தாள் 2.1 கிலோமீட்டருக்கு 2.97 கிலோமீட்டர் பரப்பைக் கொள்ளும். 1:7,500இல் சுமார் 1.58க்கு 2.23. மாணவர் ஓட்டத்துக்கு இதுவே அதிகம். காரைக்கு எங்கள் பரிந்துரை: பெரியவர்களுக்கு 1:10,000, பள்ளிப் பிள்ளைகளுக்கு 1:7,500.

இரண்டு பிழைகளைத் தவிர்க்க வேண்டும். அளவைப் பெரிதாக்கிவிட்டு, ‘இடம் கிடைத்ததே’ என்று கூடுதல் பள்ளங்களைத் திணிக்காதீர்கள். கிடைத்த தெளிவு போய்விடும். அதேபோல் பழுப்புக் கோட்டை மட்டும் தடிமனாக்கி மற்றவற்றை அப்படியே விடாதீர்கள். கோடுகளுக்கு இடையிலான வெள்ளை இடம் சுருங்கி எல்லாம் ஒன்றாகும். ஒரே நிறத்தின் இரு மெல்லிய கோடுகளுக்கு நடுவே 1:15,000 அளவில் 0.15 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆறு பள்ளங்கள் அடுத்தடுத்து இருந்து இடம் போதாவிட்டால் முக்கியமான நான்கை வரைந்து, மீதிக்குக் கரடுமுரடான தரையின் புள்ளிக் குறியீட்டைப் போடுங்கள்.

எங்கே அச்சிடுவது?

பக்கத்து டி.டி.பி. சென்டரின் கலர் லேசர்: ஐம்பது பிரதிக்குள் என்றால் இதுவே சுலபம். 1:7,500 படத்துக்குத் தாங்கும். வியர்வை பட்டாலும் டோனர் ஓடாது. மடித்த இடத்தில் மட்டும் உதிரும். எனவே முக்கியக் கண்ட்ரோல் மடிப்பில் விழாதபடி படத்தை நகர்த்தி வையுங்கள்.

இன்க்ஜெட்: சாதாரணச் சாய மை என்றால் ஒரு துளி வியர்வையில் நீலமும் ஊதாவும் கரையும். நிறமி மை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

திருச்சி போன்ற நகரங்களின் டிஜிட்டல் பிரஸ்: பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத் தாளில் இரண்டு ஏ4 படம் வரும். ஐம்பது முதல் சில நூறு பிரதி வரை இதுதான் சரியான இடம். 1:10,000 படத்தை இங்கே நம்பிக் கொடுக்கலாம்.

சிவகாசி ஆப்செட்: நிரந்தர வரைபடம், ஆயிரத்துக்கு மேல் பிரதி, தனிப் பழுப்பு மை என்று முடிவெடுத்தால் இங்கே.

ஆப்செட்டில் அடித்து வைத்த படத்தின் மேல் ஒவ்வொரு போட்டிக்கும் ஊதாப் பாதையை மட்டும் ஊரில் லேசரில் அடிக்கலாமே என்று பலரும் யோசிப்பார்கள். தாள் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்து உள்ளே போனால் 1:10,000இல் அது களத்தில் 10 மீட்டர். மற்ற நிலத்தில் அது பெரிய பிழையாகத் தெரியாது. காரையில் கண்ட்ரோல் வட்டம் பக்கத்துப் பள்ளத்தில் போய் உட்காரும். செய்தே ஆக வேண்டுமென்றால் படத்தின் மூன்று மூலைகளில் சிறு குறுக்குக் குறிகளை ஆப்செட்டிலேயே அடித்து, ஊதாவிலும் அதே குறிகளை வைத்து, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாத தாள்களைக் கழித்துவிடுங்கள். ஆப்செட் மை லேசர் எந்திரத்தின் சூட்டைத் தாங்குமா என்று அச்சகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எக்ஸ்போர்ட்: கோப்பைச் சிதையாமல் வெளியே எடுத்தல்

வரையும் மென்பொருள்களில் ஓபன் ஓரியண்டீரிங் மேப்பர் இலவசம். ஓகேட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. இரண்டிலும் படிகள் ஏறத்தாழ ஒன்றுதான்.

1. மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். எக்ஸ்போர்ட் செய்ததிலிருந்து மூலத்தைத் திரும்ப உருவாக்க முடியாது.

2. பின்னணிப் படங்களை எல்லாம் மறையுங்கள். செயற்கைக்கோள் படம் அடியில் மறந்து கிடந்தால் கோப்பு பூதாகரமாகும், நிறமும் அழுக்கேறும்.

3. பிடிஎஃப் ஆக, வெக்டர் முறையில் எடுங்கள். வெக்டரில் கோடு கோடாகவே அச்சகம் போய்ச் சேரும்.

4. வண்ண முறையைச் சிஎம்ஒய்கே என்று வையுங்கள். மேப்பரில் இந்த வசதி ‘சோதனை நிலை’ என்ற குறிப்போடு இருக்கும். ஆகவே வெளிவந்த கோப்பைச் சரிபார்த்த பிறகே நம்புங்கள். ஆர்ஜிபியில் போனால் முதலில் அடிபடுவது கருப்பு. திரைக் கருப்பை அச்சக மென்பொருள் நான்கு மைகளின் கலவையாக மாற்றும்; போட்டோஷாப்பின் பழைய இயல்பு அமைப்பில் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90. ஒற்றையடிப் பாதையின் மெல்லிய கோட்டுக்கு நான்கு மை எதற்கு? ரெஜிஸ்டர் இம்மி விலகினால் கோட்டைச் சுற்றி வண்ண ஒளிவட்டம் தெரியும். கருப்பு என்றால் கருப்பு மை 100, மற்றவை சுழி என்றே இருக்க வேண்டும்.

5. ராஸ்டர்தான் வேண்டும் என்று அச்சகம் அடம்பிடித்தால் 600 டிபிஐக்குக் குறையாமல் டிஃப் கோப்பாகக் கொடுங்கள். 600இல் ஒரு பிக்சல் 0.042 மி.மீ.; 0.14 கோட்டுக்கு மூன்று பிக்சலுக்கு மேல் கிடைக்கும். 300இல் ஒன்றரைச் சொச்சம்தான். கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் இளைத்தும் வரும். ஏ3 தாள் 600 டிபிஐயில் சிஎம்ஒய்கே என்றால் சுருக்காத கோப்பு 280 மெகாபைட்டைத் தொடும். அதற்கு அஞ்சி ஜேபெக் ஆக்காதீர்கள். மெல்லிய கோடுகளைச் சுற்றிப் புழுதி படிந்த மாதிரி ஆகும். மேப்பரின் ராஸ்டர் ஆர்ஜிபியில்தான் வெளிவரும். கருப்பை மேலே சொன்னபடி தனியே திருத்த வேண்டியிருக்கும்.

6. தனி மையில் அடிப்பதானால் நிறம்பிரி முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மைக்கும் ஒரு கருப்பு வெள்ளைப் பக்கம் வரும். எந்தப் பக்கம் எந்த மை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

7. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும்.

பச்சையின் மேல் பழுப்பு

சீமைக் கருவேலக் காட்டின் முழுப் பச்சைமேல் சம உயரக் கோடு போகும் இடத்தை மட்டும் தனியே பெரிதாக்கிப் பாருங்கள். இயல்பாக, பழுப்புக் கோடு வரும் இடத்தில் பச்சை வெட்டி எடுக்கப்படும். ரெஜிஸ்டர் சரியாக இருந்தால் நன்றாகத் தெரியும். விலகினால் கோட்டின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். இதற்கு மாற்று, பச்சையை வெட்டாமல் அதன் மேலேயே பழுப்பை அடிப்பது. அப்போது கோடு கரும்பாசி நிறத்துக்கு மாறும், ஆனால் அறுபடாது. பழுப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் காண முடியாத கண் உள்ளவர்களுக்கும் இந்த இருண்ட கோடு எளிதில் புலப்படும். லேசரில் முதல் முறையும், ஆப்செட்டில் இரண்டாம் முறையும் பொதுவாகக் கைகொடுக்கும். சோதனைத் தாளில் இரண்டையும் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தமிழ்ப் பெயர்கள்

ஓட்ட வரைபடத்துக்குள் எழுத்து குறைவு. தலைப்பு, குறி விளக்கம், எச்சரிக்கை வரிகள் மட்டும் ஓரத்தில் வரும். நம் ஊர்ப் போட்டிக்கு அவை தமிழில் இருப்பதே முறை. நம்மூர் அச்சகங்கள் பலவற்றில் பிடிஎஃப்பைக் கோரல் டிராவில் திறந்துதான் வேலை செய்வார்கள். பதிப்பு பழையதாக இருந்தால் யூனிகோடு தமிழ் அங்கே கலைந்துவிடும். ‘கொளக்காநத்தம்’ என்ற பெயரில் முதல் எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அச்சகத்தார் அதைக் கையால் திருத்த முனைந்தால் கூடவே வேறு ஏதாவது நகர்ந்துபோகலாம்.

தீர்வு: அனுப்புமுன் எழுத்துகளை எல்லாம் வளைகோடுகளாக மாற்றிவிடுங்கள்.  மாற்றுமுன் எழுத்துப்பிழை பாருங்கள். பிறகு திருத்த முடியாது. ஓரத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய வரிகள்: அளவு, சம உயர இடைவெளி, வரைந்த ஆண்டு, அவசர உதவித் தொலைபேசி எண், ‘புதைபடிவங்களை எடுக்கவோ உடைக்கவோ கூடாது’ என்ற குறிப்பு. காரையிலும் சாத்தனூர் கல்மரப் பூங்கா பக்கமும் இந்தக் கடைசி வரி இல்லாமல் படம் கொடுக்கவே கூடாது.

ஊதா: தெரியவும் வேண்டும், மறைக்கவும் கூடாது

கண்ட்ரோல் வட்டத்தின் ஊதா எல்லாவற்றுக்கும் மேலே அடர்த்தியாக விழுந்தால் அதன் அடியில் இருக்கும் பள்ளமே மறையும். எனவே ஊதாவை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறார்கள். வட்டமும் இணைப்புக் கோடும் ‘கீழ் ஊதா’. அது மஞ்சள், பச்சைக்கு மேலேயும் கருப்பு, பழுப்பு, நீலக் கோடுகளுக்குக் கீழேயும் அமரும். கண்ட்ரோல் எண் போன்றவை ‘மேல் ஊதா’. பர்ப்பிள் பென் என்ற இலவச மென்பொருளில் பாதை போடுகிறவர்கள் அடிப்படைப் படத்தைப் பிடிஎஃப்பாகக் கொடுக்காமல் மேப்பர் அல்லது ஓகேட் கோப்பாகவே கொடுங்கள். அப்போதுதான் இந்த அடுக்கு முறை வேலை செய்யும்.

தடைப் பகுதிக்கு மட்டும் இந்த அடக்கம் வேண்டாம். அரியலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழிகளில் ஆழமான நீர் நிற்கும், விளிம்பு செங்குத்து. அவற்றை ஊதாக் கட்டக் கோடுகளால் அழுத்தமாக மூடுங்கள். மங்கலாக அச்சான தாள் ஒன்று கலந்துவிட்டாலும் அதைக் கொடுக்காதீர்கள். இங்கே அச்சுத் தரம் உயிர் சம்பந்தப்பட்டது.

தாள்

பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் நிறம் அழகாக விழும். பெரம்பலூர் வெயிலில் கையில் பிடித்தால் கண்ணாடி மாதிரி கூசும். மேட் ஆர்ட் பேப்பரோ, மேப்லித்தோவோ நல்லது. மேப்லித்தோ மையை உறிஞ்சிக் கோட்டைச் சற்றே பரப்பும். அதையும் கணக்கில் வைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள். ‘நான் டியரபிள்’ தாள் கிழியாது, நனையாது. ஆனால் அதில் லேசரின் சூட்டில் உருகும் வகையும் உண்டு. லேசருக்கு உகந்ததா என்று கேட்டு வாங்குங்கள். லேமினேஷன் வேண்டாம், கூசும், மடியாது. ஐப்பசி மழைக்கு ஜிப் கவர் போதும்.

சோதனைத் தாள்

வரையத் தொடங்குமுன், காரையின் மிக நெருக்கமான ஒரு மூலையை மட்டும், உள்ளங்கை அளவு, முழுதாக வரையுங்கள். அதையே 1:15,000, 1:10,000, 1:7,500 என்று மூன்று அளவிலும், பச்சைமேல் பழுப்பை இரண்டு முறையிலும் ஒரே ஏ4 தாளில் அடுக்குங்கள். கூடவே துல்லியமாக 100 மி.மீ. நீளமுள்ள கோடு ஒன்று நெடுக்கிலும் ஒன்று குறுக்கிலும் வையுங்கள். இதைக் கடையில் நீங்களே நின்று அடியுங்கள்.

“பேஜ் ஃபிட் பண்ணிரட்டுமா சார்?”

“வேண்டாம் தம்பி. நூறு பர்சன்ட்லயே விடுங்க. ஓரம் வெட்டுப்பட்டாப் பரவாயில்ல.”

இந்த ஒரு பதிலைச் சொல்ல மறந்தால் படம் 97 விழுக்காடாகச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 600 மீட்டர் தொலைவு படத்தில் 582 மீட்டராகும். அடிக் கணக்கு வைத்து ஓடுகிறவர் பள்ளம் மாறி இறங்குவார். கைக்கு வந்த தாளில் முதல் வேலை, அந்த 100 மி.மீ. கோடுகள் இரண்டையும் எஃகு ஸ்கேலால் அளப்பது. இரண்டாவது, வடக்குக் கோடுகளின் இடைவெளி: 1:10,000இல் 30 மி.மீ., 1:7,500இல் 40 மி.மீ. இருந்தாக வேண்டும்.

பிறகு தாளைக் கடையின் டியூப்லைட்டில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நண்பகல் வெயிலில், கையை நீட்டிப் பிடித்து, நடந்துகொண்டே படியுங்கள். அடுத்தடுத்த பள்ளங்களை நிற்காமல் எண்ண முடிகிற மிகச் சிறிய அளவு எதுவோ, அதுதான் அந்த அச்சகத்தில் உங்கள் வரைபடத்தின் அளவு.

கோளாறும் கைமருந்தும்

பழுப்புக் கோடு இளஞ்சிவப்பாக இருக்கிறது: ரெஜிஸ்டர் விலகல், அல்லது கருப்புப் புள்ளி விழவில்லை. அளவைப் பெரிதாக்குங்கள்.

கருப்புக் கோட்டைச் சுற்றி நிற நிழல்: கோப்பு ஆர்ஜிபியில் போயிருக்கிறது. சிஎம்ஒய்கேயில் மறுபடி எடுங்கள்.

இளம் பச்சை வெள்ளையாகத் தெரிகிறது: 20 விழுக்காட்டை எந்திரம் விழுங்குகிறது. 25, 30 என்று சோதனைத் தாளில் ஏற்றிப் பாருங்கள். 50 விழுக்காட்டுப் பச்சையோடு குழம்பாத அளவில் நிறுத்துங்கள்.

விட்டு விட்டு வரும் கோடுகள் முழுக் கோடாகிவிட்டன: அச்சகத்தில் வேறு மென்பொருளில் திறந்து சேமித்திருக்கிறார்கள். மூலப் பிடிஎஃப்பையே நேராக அடிக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் ஆரஞ்சாக இருக்கிறது: கலவை சயான் 0, மெஜந்தா 27, மஞ்சள் 79, கருப்பு 0 என்று இருக்கிறதா பாருங்கள். மெஜந்தா கூடினால் பழுப்புக் கோடு அதில் அமுங்கும்.

வெளிநாட்டுக்குக் கோப்பு அனுப்பும்போது

2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட நெறிமுறைகளுக்குப் பின், இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதியோ உரிமமோ தேவையில்லை. ஆனால் கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்ற எல்லையைவிடத் துல்லியமான தரவு இந்தியாவிலேயே சேமிக்கப்பட்டு, இங்கேயே கையாளப்பட வேண்டும். ஐரோப்பிய வரைபட நிபுணரிடம் கருத்துக் கேட்கவோ, அங்கே அச்சிடவோ விரும்பினால் அச்சுக்கான பிடிஎஃப்பை மட்டும் அனுப்புங்கள். டிரோனில் எடுத்த மூலத் தரவு உங்கள் வட்டிலேயே இருக்கட்டும்.

அச்சகத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு

கோப்போடு கீழ்க்கண்ட ஏழு வரிகளைத் தாளில் அடித்துக் கொடுங்கள். வாயால் சொன்னது ஆள் மாறினால் மறக்கும்.

1. அளவு மாற்றாமல் 100 விழுக்காட்டில் அடிக்கவும், 100 மி.மீ. கோட்டை அளந்து பார்க்கவும்.
2. கருப்பு ஒற்றை மை; கலவை வேண்டாம்.
3. கோப்பை வேறு மென்பொருளில் திறந்து சேமிக்க வேண்டாம்.
4. நிறத்தைத் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்தி வைக்கவும்.
5. ஸ்க்ரீன் 175 அல்லது அதற்கு மேல்.
6. இணைத்துள்ள சோதனைத் தாளோடு ஒப்பிட்டுப் பழுப்பைச் சரிபார்க்கவும்.
7. முதல் பிரதியைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே மீதியை ஓட்டவும்.

ஒப்புதல் கொடுத்த முதல் பிரதியின் பின்பக்கத்தில் தேதி, எந்திரம், தாள், நிறக் கலவை நான்கையும் எழுதி உறையில் போட்டு வையுங்கள். அடுத்த மழைக்குப் பின் பள்ளங்கள் மாறியிருக்கும். படத்தைத் திருத்தி மறுபடி அச்சிட வேண்டிவரும். அன்றைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அதே அச்சகத்துக்குப் போனால் இந்த அத்தியாயத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.